கல் சூடேறுவதற்கு முன்: பரிமாற்ற மாணவர்களோடு தஞ்சாவூரில் ஒரு நாள்

திருச்சியில் ஒரு பருவம் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களைத் தஞ்சாவூருக்கு ஒரு நாள் அழைத்துப் போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அறுபது கிலோமீட்டருக்குள் தூரம், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கோயில், இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே திட்டமிடுவதில் மெத்தனம் வந்துவிடுகிறது. காலை எட்டு மணிக்கு வண்டி என்று சுற்றறிக்கை போகும், ஒன்பதுக்குக் கிளம்பும், வழியில் டிபன். பெரிய கோயில் வாசலில் இறங்கும்போது பத்தே முக்கால். செருப்பை விட்டுவிட்டு ராஜராஜன் திருவாசலைத் தாண்டி வெட்டவெளியில் கால் வைத்ததும் பாதிப் பேர் நந்தி மண்டப நிழலுக்கு ஓடுவார்கள். வழிகாட்டி கருவறைக் கோபுரமான விமானத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். கேட்பவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். பிறகு பசி, வெயில், அரண்மனையில் அவசரம். "இன்னும் நேரம் இருக்கிறதே" என்று தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டால், அங்கே போய்ச் சேரும்போது பேருந்தில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள்.

தஞ்சாவூர் நாளைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: கல் எப்போது சுட ஆரம்பிக்கும், நடை எப்போது சாத்தும். நடை காலை 6 முதல் 12:30 வரை, மாலை 4 முதல் 8:30 வரை. கல் வெயில் நாளில் ஒன்பதரைக்கே சூடேறி, பத்தரைக்கு மேல் வெறுங்காலில் நிற்க முடியாதபடி ஆகிவிடும். ஆகவே கோயிலுக்கு ஒரே நாளில் இரண்டு முறை போக வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஒரு முறை, மாலை ஐந்துக்கு மேல் இன்னொரு முறை. நடுவில் உள்ள சூடான ஏழரை மணி நேரம் முழுக்கக் கூரைக்கு அடியில் கழிய வேண்டும். மற்றதெல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் அடங்கும். தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் அருமையான இடங்கள். அவற்றுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

எந்த நாள் போவது

புதன்கிழமை வேண்டாம். சரசுவதி மகால் நூலகத்துக்கு அன்று விடுமுறை. சனி, ஞாயிறு உள்ளூர்க் கூட்டம். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், மார்கழி, தை மாதங்களில் செவ்வாடை அணிந்த மேல்மருவத்தூர் பக்தர்களின் வண்டிகளும் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். பருவநிலை நன்றாக இருக்கிறதே என்று டிசம்பர், ஜனவரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு விழா நடக்கும். அது பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் கட்டடத்தைப் பற்றி நின்று பேச ஏற்ற நாள் இல்லை.

நாட்காட்டியில் பிரதோஷத்தைக் கட்டாயம் பாருங்கள். பிரதோஷ மாலையில் பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும். நந்தி மண்டபத்தைச் சுற்றி நகர முடியாத கூட்டம் இருக்கும். குடம் குடமாகப் பால் நந்தியின் மேல் வழிவதைப் பார்ப்பது விருந்தினர்களுக்கு மறக்க முடியாத காட்சி என்பதால் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் கட்டடம் பற்றிய பேச்சு முழுவதையும் காலையிலேயே முடித்துவிட்டு, மாலையில் மூன்றரைக்கே வந்து இடம் பிடிக்க வேண்டும். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் இரண்டுமே கெடும்.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேய்ந்த கருங்கல் வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் கோடைப் பள்ளிக்காக வரும் ஐரோப்பியக் குழுக்களுக்கு வெயில் கடுமைதான், ஆனால் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்திருந்தால் கோயிலை ஒட்டி ஓடும் புது ஆறு நிறைந்திருக்கும். டெல்டா என்றால் என்ன என்று அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே புரியும்.

முதல் நாள் மாலை

பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசாத குழு, பயணத்தன்று மூன்று மணி நேரத்தை இழக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் சோழ வரலாறு சொல்லத் தேவையில்லை. உடை, கால், வயிறு, வாசல் இந்த நான்கையும் பேசினால் போதும்.

உடை: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். "அடக்கமான உடை" என்று சுற்றறிக்கையில் எழுதினால் ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு படத்தைக் காட்டுங்கள். காற்றோட்டமான பருத்தி பேன்ட், அரைக்கை சட்டை அல்லது குர்தா போதும். புதுச் சேலை, புது வேட்டி கட்டி அழைத்துப் போகும் ஆசை விருந்தோம்பும் மாணவர்களுக்கு வரும். பழக்கமில்லாதவர்களுக்கு வேட்டியோடு பேருந்துப் படி ஏறுவதும், சேலையோடு கழிவறைக்குப் போவதும் பெரும்பாடு. சேலை ஆசை இருந்தால் கல்லூரி விழா நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்: ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த பருத்திக் காலுறை. நைலான் காலுறை கல்லில் வழுக்கும், சூட்டையும் தடுக்காது. கழற்ற நேரம் பிடிக்கும் கயிறு கட்டிய ஷூ வேண்டாம். ஒரு நாளில் ஐந்தாறு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். முப்பத்தாறு பேர் (விருந்தினர் இருபத்து நான்கு, உள்ளூர் மாணவர் பன்னிரண்டு) செருப்பைத் தனித்தனியாக விட்டால் திரும்பி வரும்போது கால் மணி நேரம் தேடல்தான். ஆறு பேருக்கு ஒரு துணிப்பை என்று ஆறு பைகள். பையின் மேல் குழுவின் நிறத்தில் ஒரு ரிப்பன். காவலில் கொடுக்கும் ஆறு டோக்கனும் ஒரே ஆளிடம்.

வயிறு: ஒவ்வாமை, சைவமா வீகனா (பால், நெய்கூடச் சேர்க்காதவரா), கோதுமை ஆகாதா என்று எழுதி வாங்குங்கள். வாயால் கேட்டால் கூச்சத்தில் "எதுவானாலும் பரவாயில்லை" என்பார்கள். இதன் பயன் மதியச் சாப்பாட்டில் தெரியும்.

வாசல்: கொடிமரத்தைத் தாண்டி, சன்னிதி வரை யார் யார் போகலாம் என்ற நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடும். தலைமை ஏற்பவர் இதை முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட வேண்டும். வாசலில் வைத்து ஒருவரை மட்டும் நிறுத்தினால் அந்தச் சங்கடம் நாள் முழுக்க நீடிக்கும். விபூதி, குங்குமம் வாங்குவது கட்டாயமில்லை என்பதையும், வாங்கினால் வலது கையில் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மறுப்பது அவமரியாதை ஆகிவிடுமோ என்று பயந்து, தங்கள் சமயத்துக்கு ஒவ்வாததைச் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். அசல் விடுதியிலேயே இருக்கட்டும்.

விருந்தோம்பும் மாணவர்களுக்கு ஒரு தனி வகுப்பு

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விருந்தினர் இரண்டு பேருக்கு உள்ளூர் மாணவர் ஒருவர் என்று சேர்ப்பது நல்ல ஏற்பாடு. இருபத்து நான்கு விருந்தினருக்குப் பன்னிரண்டு பேர். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது அதில் முதலாவது. நிழல் விழும், காலை ஏழரைக்கு மேற்குப் பக்கம் போய் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சிக் கல் எண்பது டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பது அடுத்தது. அது பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது. இயற்பியலும் கட்டடப் பொறியியலும் படிக்கும் விருந்தினர்கள் ஒரு கேள்வி கேட்டவுடன் இந்தக் கதைகள் சரியும். அதன்பின் நாம் சொல்லும் உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். இந்தக் கோயிலுக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. கல்லே கிடைக்காத ஊரில் கருங்கல்லால் பதின்மூன்று நிலை விமானம் எழுப்பியிருக்கிறார்கள். அது போதாதா?

இதைச் சொல்ல நல்ல இடம் கோயில் இல்லை, பேருந்துதான். திருச்சியை விட்டுக் கிளம்பும்போது மலைக்கோட்டையைக் காட்டுங்கள். துவாக்குடி தாண்டுவதற்குள் சாலையோரத்தில் தெரியும் பாறைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வல்லம் பக்கம் செம்மண் வரும். அதற்குப் பிறகு பாறை எதுவும் கண்ணில் படாது. "கோயிலுக்கு அவ்வளவு கல்லும் எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து என்பதை அவர்களே ஊகிப்பார்கள். அந்தக் கல் வந்த தூரத்தைத்தான் அவர்கள் இப்போது பேருந்தில் கடந்து வந்திருக்கிறார்கள்.

பேருந்தா ரயிலா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: பத்துப் பேர் வரை ரயில், அதற்கு மேல் பேருந்து. ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டியில் போவதே விருந்தினர்களுக்கு ஒரு பாடம். நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள், ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் ஒரே நாளில் கோயிலுக்கு இரண்டு முறை போகவும், பைகளையும் தண்ணீரையும் வைக்கவும், யாருக்காவது தலை சுற்றினால் படுக்க வைக்கவும் பெரிய குழுவுக்கு வண்டி ஒன்று அருகிலேயே வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் ஊருக்கு வெளியே உள்ள புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளம்பும் நேரம் ஐந்தரை. "ஐந்தரைக்கு வாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "ஐந்தரைக்கு வண்டி நகரும், ஐந்தேகாலுக்குத் தலை எண்ணுவோம்" என்று சொல்லுங்கள். ஏறியவுடன் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும். வெறும் வயிற்றில் அரைத் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரம் வந்தவர்களுக்குத்தான் முதலில் மயக்கம் வரும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு. முப்பத்தாறு பேருக்கு 108 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் ஆறு. ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் நிரப்பச் சொன்னால் பிளாஸ்டிக் குப்பையும் மிச்சம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்துப் பன்னிரண்டு இருக்கட்டும். அது இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும்.

காலை ஏழு மணி, பெரிய கோயில்

உள்ளே நுழையும்போது மூன்று வாசல்கள் வரும்: மராட்டியர் வாசல், கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல். மூன்றிலும் நின்று பேசினால் அங்கேயே அரை மணி போய்விடும். ராஜராஜன் திருவாசலின் துவாரபாலகரிடம் மட்டும் நில்லுங்கள். அவர் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அந்தக் காவலர் காக்கும் இறைவன் எவ்வளவு பெரியவன் என்று படிப்படியாகக் கணக்குப் போட வைக்கும் சிற்பம் அது. மொழி தேவையில்லை, சுட்டிக்காட்டினாலே புரிந்துவிடும்.

உள்ளே போனதும் முற்றத்தில் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உள்ள வெளி அது. கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெளிச்சம் விமானத்தின் முகத்தில் நேராக விழும். படம் எடுப்பவர்கள் இந்த ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொள்ளட்டும். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது, டிரோன் கூடாது, முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

பிறகு வடக்குப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். இந்த வளாகம் முழுவதும் ராஜராஜன் கட்டியது என்று சொல்லிவிடுவது வழக்கமான பிழை. 1010இல் முடிந்தது விமானமும் அதைச் சேர்ந்தவையும். அம்மன் சன்னிதி பாண்டியர் காலம். பெரிய நந்தியும், நுணுக்கமான வேலைப்பாடுள்ள முருகன் சன்னிதியும் நாயக்கர் காலம். தென்மேற்குப் பக்கச் சுவரில் மராட்டி மொழியில் தஞ்சை மராட்டிய மன்னர்களான போன்சலே வம்ச வரலாறு 1803இல் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழ நந்தி தனியாக இருக்கிறது. இரண்டு நந்தியையும் காட்டி எது பழையது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் தவறாகச் சொல்வார்கள். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பேராலயம் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து வளரும் என்பது பழக்கமான விஷயம். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது இந்த வளாகம் இன்னும் நன்றாகப் புரிகிறது.

நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடம் கல்வெட்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி எழுத்தாக இருக்கும். "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் சொல்லும் வாசகம் இங்கேதான் இருக்கிறது. தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தில் உள்ளூர் மாணவர்கள் பத்து எழுத்தையாவது கண்டுபிடித்து வாசிக்க முயல்வதை விருந்தினர்கள் பார்க்கட்டும். "க", "ட", "ப", "ம" என்று ஒன்றிரண்டு பிடிபடும். அந்தச் சந்தோஷம் இரு தரப்புக்கும் பொது. முந்தைய நாளே சோழர் கால எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் வழிகாட்டி பேச வேண்டிய அவசியமே குறையும்.

திருச்சுற்று மாளிகையின் வெளிச்சுவரில் இன்னொரு கல்வெட்டு: தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடல் பணி செய்த பெண்கள்) நானூறு பேரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல். நானூறு பெண்களின் முகவரிப் பதிவேடு அது. வரலாறு படிக்கும் மாணவர்களும் நடனம் பயில்கிறவர்களும் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். விமானத்தின் மேல் தளத்தில் கரணம் எனும் நடன நிலைகளைக் காட்டும் 81 சிற்பங்களும், உள் சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களும் இருக்கின்றன. இரண்டையும் பொதுமக்கள் பார்க்க முடியாது. அதை முதலிலேயே சொல்லி, முந்தைய நாள் வகுப்பிலேயே படங்களைக் காட்டிவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டு ஏமாறுவது மிச்சம்.

ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட வேண்டும், யார் கெஞ்சினாலும். மாலையில் திரும்ப வருகிறோம் என்பது தெரிந்தால் யாரும் கெஞ்ச மாட்டார்கள்.

படம் கேட்டு வருகிறவர்கள்

இதைப் பற்றிப் பலர் எழுதுவதில்லை. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் குடும்பம் குடும்பமாகச் செல்ஃபி கேட்டு வருவார்கள். பெரும்பாலும் அன்புதான். ஆனால் பத்தாவது குடும்பத்துக்குப் பிறகு சிரித்துக்கொண்டு நிற்பது எவருக்கும் சுமை. பெண்களின் தோளில் கை போடுவது, கேட்காமல் குழந்தையை மடியில் வைப்பது எல்லாம் நடக்கும். ஆப்பிரிக்க மாணவர்களின் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பதும், நிறத்தைப் பற்றி அவர்களுக்குப் புரியாது என்று நினைத்து உரக்கப் பேசுவதும் நடக்கும். வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரியும். இதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருப்பது விருந்தோம்பல் இல்லை. பக்கத்தில் நிற்கும் உள்ளூர் மாணவர்தான் முன்னால் வந்து, "அவங்களுக்கு விருப்பமில்லைங்க, மன்னிச்சுக்கோங்க" என்று தமிழில் சொல்ல வேண்டும். விருந்தினர்களுக்கும் "வேண்டாங்க" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். "ங்க" சேர்ந்திருப்பதால் யாருக்கும் மனம் நோகாது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே விலகிவிடுவார்கள்.

நடுப்பகல்

ஒன்பதே முக்காலுக்கு டிபன். இட்லி, பொங்கல், காபி. பத்தரைக்கு அரண்மனை. நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு வேறு. தர்பார் மண்டபம், கலைக்கூடம், நூலக அருங்காட்சியகம் என்று சீட்டும் ஒன்றாக இருக்காது. முப்பத்தாறு பேரும் வரிசையில் நிற்க வேண்டாம். ஒருவர் சில்லறையோடு முன்னால் போய் எல்லாவற்றையும் வாங்கிவிடட்டும். எந்தப் பிரிவுக்கு மதிய இடைவேளை எப்போது என்பதை முந்தைய நாளே விசாரியுங்கள்.

கலைக்கூடத்தில் நூற்றுக்கணக்கான செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்ட முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன் ஒருவரிடம் மட்டும் இருபது நிமிடம் கொடுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காளையின் மேல் சாய்ந்து நிற்கிறார், ஆனால் காளை இல்லை. கை மட்டும் அந்தரத்தில், இல்லாத காளையின் முதுகில் இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. விரல்களின் தளர்ச்சியைப் பார்த்தால் காளையின் உயரம்கூடத் தெரியும். தலையில் பாம்புகளோடு சுற்றிய சடை, தலைப்பாகை போல. பக்கத்தில் அதற்கடுத்த ஆண்டைச் சேர்ந்த தேவி. மாணவர்களை இரண்டு பேர் இரண்டு பேராக அதே போல நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பை எவ்வளவு சாய்த்தால் உடல் விழாமல் அப்படி நிற்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். காளையாக நிற்க யாராவது முன்வருவார்கள்.

சரசுவதி மகாலில் குழுவின் நாட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) சமஸ்கிருதம், தமிழ், மராட்டி, தெலுங்குச் சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்களையும் வாங்கிக் குவித்தவர். கண் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களை வண்ணப் படங்களோடு எழுதி வைத்த குறிப்புகள் இந்த நூலகத்தில் உண்டு. மருத்துவ மாணவர்கள் இருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். ஜெர்மானிய மாணவர்கள் வந்தால், சரபோஜிக்கு ஆசானாக இருந்த பிரஷ்யப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1798இல் இதே ஊரில் இறந்தார் என்றும், மரணப் படுக்கையில் கிடக்கும் அவரை சரபோஜி பார்க்க வரும் காட்சியைச் சலவைக்கல்லில் செதுக்கித் தரும்படி லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் மன்னரே கேட்டார் என்றும் சொல்லுங்கள். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் அது இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். டேனிஷ் மாணவர்கள் என்றால், தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் 1620இல் தரங்கம்பாடியை டேனியர்களுக்குக் கொடுத்ததிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். தங்கத் தகட்டில் அவர் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. தம் நாட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு என்று தெரிந்த நிமிடத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

மேல்தளங்களில் ஏற அனுமதி இருந்தால் ஏறுங்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அரண்மனையில்தான் இருக்கிறது.

சாப்பாடு

பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிட வேண்டும். ஒரு மணிக்கு மேல் எந்த உணவகத்திலும் முப்பத்தாறு பேருக்குச் சேர்ந்து இடம் கிடைக்காது. முந்தைய நாள் ஒரு முறையும் அன்று காலை பத்து மணிக்கு ஒரு முறையும் கூப்பிட்டு எண்ணிக்கையை உறுதி செய்யுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் சமையற்காரரிடம் "கோதுமை ஆகாது" என்று மட்டும் சொன்னால், "சோறுதானே, கவலைப்படாதீங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும். பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர் என்று எதிலும் அது விழும். கோதுமைப் புரதம் ஆகாத நோயுள்ளவருக்கு அதுவே போதும், இரண்டு நாள் படுக்கை. அவருக்கு வெறும் சோறு, தயிர், பெருங்காயம் போடாத பொரியல், வாழைப்பழம். வேர்க்கடலை ஆகாதவருக்கு எண்ணெய் எது என்று கேளுங்கள். கடலை எண்ணெயில் பொரித்த அப்பளம் கண்ணுக்கு எதுவும் காட்டிக்கொடுக்காது. வீகன் என்றால் பருப்பின் மேல் முதலில் ஊற்றும் நெய்யிலிருந்தே பிரச்சினை தொடங்கும். அவரவருக்கு ஆகாததைத் தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி இலைக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போவார். வாயால் சொல்வதைவிட இது பலமடங்கு நம்பகம்.

காரத்துக்குத் தண்ணீர் உதவாது, தயிர் உதவும். கையால் சாப்பிடக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான், ஆனால் கரண்டி கேட்டவருக்கு உடனே கொடுங்கள். இலையில் "போதும்" என்று காட்ட கையை இலைக்கு மேல் நீட்டினால் போதும் என்பதைச் சொல்லாவிட்டால், மரியாதைக்காகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மதியம் முழுக்க நெளிவார்கள். பச்சைக் காய்கறித் துண்டுகளும், ஐஸ் போட்ட கரும்புச் சாறும் அன்று மட்டும் வேண்டாம்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கைவினை. வீணை செய்யும் பட்டறை, தஞ்சாவூர் ஓவியர் வீடு, தலையாட்டிப் பொம்மை செய்யும் இடம் ஆகியவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். எதிலும் எல்லோரும் சேர்ந்து நிற்க இடம் இருக்காது. ஆகவே குழுவைப் பிரித்து, ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீணைப் பட்டறையில் பலாமரத்தைக் குடையும் கட்டம், மெழுகில் இருபத்து நான்கு மெட்டுகளை (தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள உலோகப் பட்டைகளை) சுருதி பார்த்துப் பதிக்கும் கட்டம், இவை நடக்கும் நாளாகக் கேட்டுப் போனால்தான் பயன். கலைஞரின் இரண்டு மணி நேர வேலை நமக்காக நிற்கிறது. அதற்கு உரிய தொகையை முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். "நிறையப் பேர் வாங்குவார்கள்" என்ற நம்பிக்கையைக் காட்டி அழைத்துப் போவது நியாயமில்லை. ஓவியம் வாங்குகிறவர்களிடம் கண்ணாடியும் சட்டமும் போடாமல் வாங்கச் சொல்லுங்கள். புதுச் செப்புச் சிலை வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது; புதியதுதான் என்று விமான நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும். "இது பழையது சார்" என்று யாராவது காதோரம் சொல்லி விற்க வந்தால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மாலை

ஐந்து மணிக்கு மறுபடி கோயில். இந்த முறை வழிகாட்டி வேண்டாம், குழுவாகச் சுற்றவும் வேண்டாம். கல் ஆறத் தொடங்கியிருக்கும். ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பார்த்த கோயில் நினைவுச்சின்னம். மாலையில் பார்ப்பது ஊரின் திண்ணை. விருந்தினர்களுக்கு இந்த இரண்டாவது கோயில்தான் அதிகம் நினைவில் நிற்கிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். விரும்பியவர்கள் வரையட்டும், விரும்பியவர்கள் சன்னிதிக்குப் போகட்டும், மற்றவர்கள் சும்மா உட்காரட்டும். ஒரே நிபந்தனை: ஆறு நாற்பதுக்கு நந்தி மண்டபத்தின் தெற்குப் பக்கம் எல்லோரும் வந்துவிட வேண்டும். "நந்தி பக்கத்தில்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான்கு பக்கமும் தேடிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

விளக்குகள் எரியத் தொடங்கியதும் விமானத்தின் நிறம் மாறும். அதற்காக ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்காமலே எல்லோரும் நின்றுவிடுவார்கள். பிறகு ஆறு டோக்கன், ஆறு பை, ஆறு ரிப்பன். வண்டியில் ஏறியதும் முதலில் பாட்டிலை நிரப்பச் சொல்லுங்கள். அதன்பின் தலையை எண்ணுவதைவிட ஜோடியைக் கேட்பது நல்லது: ஒவ்வொரு உள்ளூர் மாணவரும் தன் இரண்டு விருந்தினரின் பெயரையும் உரக்கச் சொல்லட்டும். எண்ணிக்கை தவறலாம், பெயர் தவறாது. பன்னிரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகே ஓட்டுநரிடம் கிளம்பலாம் என்று சொல்லுங்கள். வல்லம் தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், மைக்கை அணைத்துவிடுங்கள்.